சலங்கை விளக்கு தட்டுக்கு எரியாதபோது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

பரதநாட்டியம் ஆடுபவரின் கணுக்காலில், சலங்கைக்கு மேலே கட்டும் எல்.இ.டி. பட்டைக்கு வேலை ஒன்றுதான். கால் தரையில் விழும் கணத்தில் பளிச்சிட வேண்டும், கால் தூக்கும்போது அடங்க வேண்டும். தட்டுக்கழியின் ஓசையும் விளக்கும் ஒன்றாக விழாவிட்டால், எத்தனை அழகான நிறமாக இருந்தாலும் அது தாளத்துக்குக் கேடு. மொரிஷியஸில் தீபாவளி மேடைக்கு இப்படி அணி செய்யும் நடன ஆசிரியர்களுக்கும், உடை தைப்பவர்களுக்கும், கூட இருந்து வயர் பிடிக்கும் பெற்றோருக்கும் இந்த வழிமுறை.

எண்கள் குழம்பாமல் இருக்க ஓர் அமைப்பை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு காலுக்கும் தனித்தனியாக இவை வேண்டும்: மீட்டருக்கு 60 விளக்குள்ள டபிள்யூ.எஸ். 2812பி பட்டையில் 12 விளக்குத் துண்டுகள் இரண்டு (மொத்தம் 24 விளக்கு), ஈ.எஸ்.பி. 32-சி3 சிறு போர்டு, எம்.பி.யு. 6050 அசைவு சென்சார், பாதுகாப்புச் சர்க்யூட் உள்ள 500 மில்லிஆம்பியர்-மணி லித்தியம் பாலிமர் பேட்டரி. பட்டைக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்தே நேராகப் போகிறது. இடுப்பில் ஒரே பேட்டரி வைத்து வயரைக் காலுக்கு இறக்கலாம் என்று தோன்றும். அரைமண்டியில் முழங்கால் மடங்கி மடங்கி வயர் அங்கேதான் அறுகிறது. காலுக்கு ஒன்று என்பதே நல்லது.

கையில் மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன், 300 முதல் 500 ஓம் வரையுள்ள ரெசிஸ்டர் சில, 470 அல்லது 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் (6.3 வோல்ட் அல்லது மேல்), 26 கேஜ் சிலிக்கான் வயர், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இருக்கட்டும். வயரும் டேப்பும் ஊர் கின்காய்ரியிலேயே (இரும்புச் சாமான் கடை) கிடைக்கும். சென்சாரையும் பட்டையையும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தால், தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பே உபரியோடு சேர்த்துச் சொல்லிவிடுங்கள். லித்தியம் பேட்டரியை விமானப் பொதியில் அனுப்பப் பல விற்பனையாளர்கள் மறுப்பார்கள். ஆகவே அதை மட்டும் உள்ளூரில் தேடி வையுங்கள்.

எந்த அறிகுறியானாலும் தேடும் வரிசை ஒன்றே: பேட்டரி, கிரவுண்ட் (எல்லாப் பகுதிக்கும் பொதுவான மைனஸ் இணைப்பு), பட்டை, சென்சார், கடைசியாக நிரல். நிரலில் கை வைக்கத் தோன்றும் பத்துப் பிழையில் பெரும்பாலானவை சால்டரிலும் கிரவுண்டிலும்தான் இருக்கும்.

எதுவுமே எரியவில்லை

1. பேட்டரியைக் கழற்றி அதன் முனைகளில் அளவெடுங்கள். முழுச் சார்ஜில் 4.2 வோல்ட், பாதியில் 3.7 சுமார். பூஜ்ஜியம் என்றால் பேட்டரி செத்தது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். வோல்ட் மிகவும் இறங்கினால், சுமார் 2.4-இல், பாதுகாப்புச் சர்க்யூட் வெளிவழியை அடைத்துவிடும். சில நிமிடம் சார்ஜரில் வைத்தால் அடைப்பு திறக்கும்.

2. பேட்டரிப் பிளக்கின் சிவப்பு வயரும் போர்டின் பிளஸ் முனையும் ஒன்றுக்கொன்று நேராக வருகின்றனவா என்று பாருங்கள். வெள்ளைச் சிறு பிளக் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், ஆனால் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் பிளஸ் மைனஸ் மாறும். நிறத்தை நம்பாமல் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே செருக வேண்டும். ஒருமுறை தலைகீழாகச் செருகினால் போர்டு போய்விடும்.

3. பட்டையின் தொடக்க முனையில் அளவெடுங்கள். அங்கே 3.6-க்கு மேல் இருந்தும் எரியவில்லை என்றால், அம்புக்குறியைப் பாருங்கள். பட்டையில் அச்சிட்ட அம்பு போர்டிலிருந்து விலகிப் போக வேண்டும். வெட்டி ஒட்டும்போது துண்டு தலைகீழாகிவிடுவது எல்லோருக்கும் நடப்பதுதான்.

4. கணினியோடு யு.எஸ்.பி. வயர் இருக்கும்போது வேலை செய்கிறது, பேட்டரியில் மட்டும் இல்லை என்றால், நிரலின் தொடக்கத்தில் "சீரியல் தயாராகும் வரை காத்திரு" என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். சோதனைக்காக எழுதியது அப்படியே தங்கியிருக்கும். கணினி இல்லாத மேடையில் போர்டு அந்த வரியிலேயே நின்றுவிடும்.

பாதி வரை எரிகிறது, அப்பால் இருட்டு

இந்த விளக்குகள் கைமாற்றிச் செய்தி கடத்துபவை. ஒவ்வொன்றும் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை அடுத்ததற்கு அனுப்பும். ஆகவே பழுது, எரியும் கடைசி விளக்கின் வெளிமுனையிலோ இருட்டான முதல் விளக்கின் உள்முனையிலோ இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள சால்டர் இணைப்பை விரல் நகத்தால் லேசாக அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது எரிந்தால் இணைப்பில் வெடிப்பு. சால்டர் உருக்கிப் புதிதாக வையுங்கள். அழுத்தியும் மாற்றமில்லை என்றால் முதலில் இருட்டான விளக்கை வெட்டி எடுத்து, அதே திசையில் புதியது ஒன்று வையுங்கள். அப்போதும் இல்லையென்றால் அதற்கு முந்தைய விளக்கையும் மாற்றுங்கள். தான் எரிந்தாலும் செய்தியைக் கடத்தாத விளக்கு உண்டு.

வெடிப்பு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வருகிறதென்றால் சால்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. வயர் வளையும் இடமும் சால்டர் விறைத்த இடமும் ஒன்றாக இருப்பதே காரணம். சால்டர் இழைகளுக்குள் ஊறிக் கம்பியை விறைக்க வைக்கிறது. தட்டும் ஒவ்வொரு முறையும் அந்த விறைப்பின் ஓரத்தில் மடிப்பு விழுகிறது. இணைப்புக்கு 1 சென்டிமீட்டர் தள்ளி வயரைத் துணியோடு தைத்துக் கட்டிவிட்டால் வளைவு தையலுக்கு வெளியே போய்விடும். இணைப்பின் மேல் சிலிக்கான் பூசலாம். காடி வாடை அடிக்கும் சிலிக்கான் வேண்டாம், அது உலரும்போது விடும் அமிலம் செம்பை அரிக்கும். வாடையில்லாத நடுநிலை வகையைக் கேட்டு வாங்குங்கள்.

நிறம் தப்பாக வருகிறது

மூன்று வகையாக வரும், மூன்றுக்கும் காரணம் வேறு.

சிவப்பு கேட்டால் பச்சை, பச்சை கேட்டால் சிவப்பு: இந்தப் பட்டை பச்சை-சிவப்பு-நீலம் என்ற வரிசையில் செய்தி வாங்கும். நிரலில் வரிசையை மாற்றினால் தீர்ந்தது.

வெள்ளை கேட்டால் பட்டையின் கடைசிப் பகுதி மட்டும் மஞ்சளாகி, பிறகு செந்நிறமாகிறது: வோல்ட் போதவில்லை. சிவப்பு 2 வோல்ட்டிலேயே எரியும். பச்சைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட் அளவு வேண்டும், ஆகவே அவைதான் முதலில் மங்கும். இரண்டு பட்டைத் துண்டையும் வரிசையாகத் தொடுக்காமல், பிளஸ், மைனஸ் வயரை மட்டும் இரண்டுக்கும் தனித்தனியே பேட்டரியிலிருந்து இழுங்கள். பட்டை முழுதும் ஒரே மாதிரி சிவந்தால் பேட்டரி இறங்கிவிட்டது, அவ்வளவுதான்.

கேட்காத நிறங்கள் தெறித்துத் தெறித்து வருகின்றன: கிரவுண்ட் அறுந்திருக்கிறது, அல்லது செய்தியின் உயரம் (செய்தி வயரில் வரும் வோல்ட்) போதவில்லை. முதலில் போர்டின் கிரவுண்டுக்கும் பட்டையின் கிரவுண்டுக்கும் நடுவே மீட்டரைத் தொடர்பு ஒலியில் வைத்து, காலை அசைத்துப் பாருங்கள். ஒலி விட்டு விட்டு வந்தால் கண்டுபிடித்தாயிற்று. கிரவுண்ட் சரி என்றால், பட்டைக்கு 5 வோல்ட் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். செய்தியின் உயரம் பட்டை வாங்கும் வோல்ட்டில் 0.7 பங்காவது இருக்க வேண்டும். 5 வோல்ட்டுக்கு அது 3.5. போர்டு தருவது 3.3 மட்டுமே. வீட்டில் எரியும், மேடையில் தெறிக்கும் என்ற புதிர்களில் பல இங்கேதான் இருக்கின்றன. பேட்டரியிலிருந்து நேராக ஓட்டினால் 4.2-க்கு 2.94 போதும், சிக்கல் எழாது. பவர்பேங்கிலிருந்து 5 வோல்ட் தருபவர்கள் நடுவே 74-ஏ.எச்.சி.டி.-125 சில்லு ஒன்றை 5 வோல்ட்டில் ஓட்டி, செய்தியை அதன் வழியாக அனுப்புங்கள். எந்த முறையானாலும் முதல் விளக்குக்கு அருகே செய்தி வயரில் ஒரு 330 ஓம் ரெசிஸ்டர் இருக்கட்டும்.

தட்டினாலும் சில நேரம் எரியவில்லை, தட்டாமலே எரிகிறது, ஒரு தட்டுக்கு இரண்டு முறை எரிகிறது

இந்த மூன்றும் ஒரே குடும்பம். அதிக நேரம் செலவிட வேண்டிய இடமும் இதுவே. சென்சார் கெட்டுவிட்டது என்று எறிவதற்கு முன் அது என்ன பார்க்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

வெறுங்கால் தரையில் விழும்போது கணுக்காலில் எழும் அதிர்வு மிகக் கூரியது. சில மில்லிநொடியில் ஏறி, 10 அல்லது 20 மில்லிநொடியில் முடிந்துவிடும். நிரல் 20 மில்லிநொடிக்கு ஒருமுறை சென்சாரைப் படித்தால், உச்சம் இரண்டு படிப்புக்கும் நடுவே நழுவிப்போகும். அதனால்தான் சில தட்டு எரிகிறது, சில எரிவதில்லை. சென்சாரை 2 மில்லிநொடிக்கு ஒருமுறையாவது படிக்க வேண்டும். சென்சாரும் போர்டும் பேசிக்கொள்ளும் ஐ2சி இணைப்பின் வேகத்தை 400 கிலோஹெர்ட்ஸ் ஆக்கினால் மூன்று அச்சையும் படிக்கக் கால் மில்லிநொடி போதும், போர்டுக்கு அது பாரமே இல்லை. விளக்கைப் புதுப்பிப்பதை மட்டும் 10 மில்லிநொடிக்கு ஒருமுறை வைத்துக்கொள்ளுங்கள். "இத்தனை நேரம் நில்" என்று சொல்லும் வரி எதுவும் நிரலில் இருக்கக் கூடாது. நிற்கும் நேரத்தில் விழும் தட்டு போர்டுக்குத் தெரியாது.

அடுத்து எல்லை. இந்த சென்சார் மின்சாரம் வந்ததும் பிளஸ்-மைனஸ் 2 ஜி (1 ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்) அளவில் தொடங்கும். நல்ல தட்டடவு அதைத் தாண்டிவிடும். தாண்டினால் எண் 32767-இல் முட்டிக்கொண்டு நிற்கும், மென்தட்டும் வன்தட்டும் ஒன்றாகவே தெரியும். அளவை 16 ஜி ஆக்குங்கள். அப்போது 1 ஜி என்பது 2048. பழைய நிரலில் 16384 என்று வகுத்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். இதை மறந்துவிட்டு "சென்சார் எட்டில் ஒரு பங்குதான் காட்டுகிறது" என்று தேடுபவர்கள் உண்டு.

சென்சாரின் உள்வடிகட்டியையும் பாருங்கள். அதன் பதிவேட்டில் (சென்சாருக்குள் அமைப்பை எழுதும் இடம்) மதிப்பு 6 என்றால் 5 ஹெர்ட்ஸ். தட்டின் கூர்மை மழுங்குவதோடு 19 மில்லிநொடித் தாமதமும் சேரும். மதிப்பு 2 என்றால் 94 ஹெர்ட்ஸ், தாமதம் 3 மில்லிநொடி. தட்டுக்கு 2 சரியாக வரும்.

இனி, தட்டாமல் எரிவது. காலை வீசி எறியும் அசைவும் 2, 3 ஜி காட்டக்கூடும். ஆனால் வீச்சு மெல்ல ஏறும், தட்டு வெட்டென்று ஏறும். ஆகவே உயரத்தை மட்டும் பார்க்காமல் ஏறும் வேகத்தையும் பாருங்கள். மூன்று அச்சின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சென்சார் எந்தக் கோணத்தில் சாய்ந்திருந்தாலும் ஒரே எண் கிடைக்கும். 6 மில்லிநொடிக்குள் அந்த எண் எவ்வளவு உயர்ந்தது என்பதே தட்டின் அடையாளம்.

எவ்வளவு உயர்ந்தால் தட்டு என்பதை ஊகிக்க வேண்டாம், அளந்துவிடலாம். அணியைக் கட்டி, யு.எஸ்.பி. வயரோடு "தெய்யா தெய்" முதல் காலத்தில் (மெதுவான வேகத்தில்) 16 தட்டு, மென்மையாகத் தட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு உச்சத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தட்டாமல் மேடை நடை 16 அடி, காலை நீட்டி எடுப்பது 8 முறை. மென்தட்டில் மிகச் சிறிய எண்ணுக்கும் நடையில் மிகப் பெரிய எண்ணுக்கும் நடுவே எல்லைக்கோட்டை வையுங்கள். நடுவே இடைவெளியே இல்லையென்றால் கோட்டை நகர்த்திப் பயனில்லை, சென்சார் தளர்வாகக் கட்டப்பட்டிருக்கிறது.

கட்டும் இடம் மிக முக்கியம். சலங்கைத் தோலின் மேலேயே சென்சாரைத் தைத்தால், கால் நின்ற பிறகும் மணிகள் குலுங்கும் அதிர்வு அதில் ஏறும். ஒரு தட்டு இரண்டாகத் தெரிவதற்கு இதுவே முதல் காரணம். சலங்கையின் மேல் விளிம்பிலிருந்து இரண்டு விரல் உயரத்தில், முன்காலின் வெளிப்பக்கத்தில், எலும்பின் மேல் தசை குறைவான இடத்தில், 4 சென்டிமீட்டர் அகல எலாஸ்டிக்கால் இறுக்கிக் கட்டுங்கள். விரல் நுழைய வேண்டும், சென்சார் பெட்டியைத் தள்ளினால் நகரக் கூடாது. பின்காலில் கட்டவே கூடாது. முழுமண்டியில் தொடையும் கெண்டைக்காலும் ஒன்றையொன்று நெரிக்கும், பேட்டரி நடுவே மாட்டிக்கொள்ளும்.

அதற்குப் பிறகும் இரட்டை எரிவு வந்தால், ஒரு தட்டைக் கண்டதும் 120 மில்லிநொடி வரை வேறு தட்டு பார்க்காதே என்று நிரலில் சொல்லுங்கள். இந்த எண்ணை 200, 250 என்று கூட்டிக்கொண்டே போகும் பழக்கம் ஆபத்து. முதல் காலத்தில் நொடிக்கு ஒரு தட்டு என்றால் மூன்றாம் காலத்தில் நொடிக்கு 4, அதாவது 250 மில்லிநொடிக்கு ஒன்று. ஒரே கால் தொடர்ந்து தட்டும் இடத்தில் 250 வைத்தால், தீர்மானத்தில் (ஜதியை முடிக்கும் அடவுத் தொடரில்) ஒன்றுவிட்டு ஒன்றுதான் எரியும். முதல் காலத்தில் ஒழுங்காக எரிந்து மூன்றாம் காலத்தில் தட்டுகளை விழுங்கும் அணிக்கு முதலில் இந்த எண்ணைப் பாருங்கள்.

ஒன்றை நினைவில் வையுங்கள்: எல்லா இரட்டை எரிவும் பிழை ஆகாது. குதித்துமெட்டு அடவில் முன்பாதத்தில் குதித்து நின்று, பிறகு குதிகாலைத் தட்டுகிறோம். "தெய் ஹத் தெய் ஹி" என்ற சொல்லில் அந்த இரண்டுக்கும் இடம் இருக்கிறது. விளக்கு இரண்டு முறை எரிவதுதான் அங்கே நியாயம். நிரல் எழுதுபவர் நட்டுவாங்கம் சொல்பவரின் பக்கத்தில் உட்கார்ந்து, எது அடவு எது அதிர்வு என்று கேட்டுக்கொண்டே எண்ணை வைக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடாக எந்த நிரல் நூலகமும் (பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல்) இல்லை.

கடைசியாகத் தரை. கோயில் மண்டபத்தின் டைல்ஸில் வைத்த கோடு, மரப்பலகை மேடையில் பொருந்தாது. பலகை நெகிழ்ந்து தட்டைக் கொஞ்சம் விழுங்கும், அதோடு பக்கத்தில் ஆடுபவரின் தட்டையும் உங்கள் காலுக்குக் கொண்டுவரும். அசையாமல் அபிநயம் பிடித்து நிற்பவரின் காலில் விளக்கு மினுக்கினால் காரணம் இதுதான். நிகழ்ச்சி நடக்கும் மேடையிலேயே 16 தட்டுச் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். கோட்டை மாற்ற மடிக்கணினி தேவைப்படாதபடி, பெட்டியில் ஒரு சிறு பொத்தான் வைத்து, அழுத்த அழுத்த மூன்று நிலை மாறும்படி நிரலில் எழுதி வைத்தால் மேடைப் பின்புறத்தில் நிம்மதி.

தட்டுக்கும் விளக்குக்கும் நடுவே இழுவை

மேலே சொன்ன வடிகட்டியும் "நில்" வரிகளும் சரியான பிறகும் இழுப்பதாகத் தோன்றினால், விளக்கு மெல்ல மெல்லப் பிரகாசமாகும்படி எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஏறுவது உடனே, இறங்குவது மெல்ல. இறக்கம் 150 முதல் 200 மில்லிநொடி என்றால் கண்ணுக்கு இதம், மூன்றாம் காலத்திலும் தட்டுகள் தனித்தனியே தெரியும். செல்பேசியில் நொடிக்கு 240 படமாக மெதுவோட்டத்தில் எடுத்து, பாதம் தரை தொட்ட படத்திலிருந்து விளக்கு எரிந்த படம் வரை எண்ணுங்கள். ஒரு படம் சுமார் 4 மில்லிநொடி. 5 படத்துக்குள் வந்தால் போதும்.

பிரகாசமாக எரியும்போது போர்டு அணைந்து மீண்டும் தொடங்குகிறது

ஒரு விளக்கு முழு வெள்ளையில் 60 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். 24 விளக்குக்கு 1440. சிறு பேட்டரிக்கு அது பெரும் பாரம், தட்டும் கணத்தில் வோல்ட் சரிந்து போர்டு மயங்கிவிடும். கணினியில் இணைத்துப் பார்த்தால் "பிரவுன்அவுட்" என்ற சொல் வரும்.

முழு வெள்ளையை விட்டுவிடுங்கள். நிரலில் பிரகாசத்தைக் கால் பங்குக்கு அடக்கினால் 360 மில்லிஆம்பியர், இருட்டு மேடையில் கடைசி வரிசைக்கும் தெரியும். பட்டையின் தொடக்கத்தில் பிளஸ்-மைனஸுக்குக் குறுக்கே கெபாசிட்டரை வையுங்கள், அதன் வெள்ளைக் கோடு மைனஸ் பக்கம். பேட்டரியிலிருந்து பட்டைக்கு 30 கேஜ் மெல்லிய வயர் போட்டிருந்தால் 26 கேஜுக்கு மாற்றுங்கள். வைஃபை தேவையில்லை என்றால் நிரலில் அணைத்து வையுங்கள்.

பிரகாசம் குறைத்தும், தட்டும்போது மட்டும் அணைந்தால் சலங்கையைச் சந்தேகியுங்கள். மணிகள் பித்தளை, மின்சாரம் கடத்தும். பட்டையை வெட்டிய முனையில் செம்புத் திட்டுகள் திறந்து கிடந்தால், குலுங்கும் மணி ஒன்று பிளஸையும் மைனஸையும் ஒரு கணம் தொட்டுவிட்டுப் போகும். மணி விலகியதும் மீட்டரில் எல்லாம் சரியாகவே காட்டும், தேடித் தேடி அலுத்துப்போவீர்கள். வெட்டுமுனை ஒவ்வொன்றையும் சுருங்கு குழாயாலோ சிலிக்கானாலோ மூடுங்கள். பட்டைக்கும் சலங்கைக்கும் நடுவே தடித்த பருத்தித் துணி ஒரு மடிப்பு இருக்கட்டும். பேட்டரியின் பிளஸ் வயரில் 1 ஆம்பியர் தானாக மீளும் ஃபியூஸ் ஒன்று போடுவதை இங்கே விருப்பத்துக்கு விடவில்லை, கட்டாயம் போடுங்கள். உடம்பில் கட்டும் பொருள் இது.

சற்று நேரம் ஆடியபின் விளக்கு ஒரே நிலையில் உறைந்துவிடுகிறது

விளக்கு அணையவும் இல்லை, மாறவும் இல்லை என்றால் போர்டு சென்சாரின் பதிலுக்காகக் காத்து நிற்கிறது. படிக்கும் நடுவில் வயர் ஒரு கணம் விட்டிருக்கும், சென்சார் செய்தி வயரைக் கீழே பிடித்தபடி நின்றுவிட்டது. அணைத்து ஏற்றினால் சரியாகும், ஆனால் மேடையில் அது நடக்காது. சென்சார் வயரை 10 சென்டிமீட்டருக்குள் வைத்து, செருகும் பின்களை விட்டுவிட்டு நேராகச் சால்டர் செய்யுங்கள். நிரலில் ஐ2சி-க்குக் காத்திருப்பு வரம்பு வையுங்கள். வரம்பு மீறினால் கடிகார வயரில் 9 துடிப்பு அனுப்பி, ஐ2சி-யைப் புதிதாகத் தொடங்கி, சென்சாரைத் தூக்கத்திலிருந்து எழுப்பும் வரியையும் அளவு 16 ஜி என்ற வரியையும் மறுபடி அனுப்ப வேண்டும். மின்சாரம் போய் வந்த சென்சார் தூங்கிய நிலையிலேயே எழும். அதை மறந்தால் எண்கள் எல்லாம் பூஜ்ஜியமாக வரும்.

சென்சார் தொடக்கத்திலேயே கிடைக்கவில்லை என்றால் முகவரியைப் பாருங்கள். பதினாறடிமானத்தில் 68, ஏடி0 பின் மேலே கட்டப்பட்டிருந்தால் 69. மலிவு விலைப் பலகைகளில் வேறு சில்லு ஒட்டி வருவதும் உண்டு. முகவரி 68 என்று பதில் சொல்லும், ஆனால் "நீ யார்" என்ற பதிவேட்டில் 68-க்குப் பதில் 70 காட்டும். நூலகம் அதை மறுத்துவிடும். முடுக்கப் பதிவேடுகள் ஒரே இடத்தில் இருப்பதால், அந்தச் சரிபார்ப்பை நீக்கினால் நம் வேலைக்குப் போதும்.

கை அணியில் நிறம் தானாக நகர்கிறது

கையின் சாய்வுக்கு நிறம் மாறும் வங்கி என்ற கை அணி செய்பவர்களுக்கு இது. நாட்டியாரம்ப நிலையில் கை அசையாமல் நிற்கும், நிறமோ மெல்ல நீலத்திலிருந்து ஊதாவுக்குப் போகும். சுழற்சி சென்சார் அசையாதபோதும் ஒரு சிறு எண்ணைச் சொல்லிக்கொண்டே இருக்கும், அது கூடிக்கூடிக் கோணமாகிவிடுகிறது. தொடங்கியதும் 2 நொடி கையை அசைக்காமல் வைத்து 500 அளவின் சராசரியைக் கழித்துவிடுங்கள். இந்த எண் வெப்பத்தோடு மாறும். சுமார் 550 மீட்டர் உயரத்தில் இருக்கும் கியூர்பீப்பின் குளிரில் எடுத்த சராசரியைச் சேமித்து வைத்து, போர்ட் லூயிஸ் புழுக்கத்தில் அதையே பயன்படுத்தினால் நகரத்தான் செய்யும். ஒவ்வொரு முறையும் மேடைப் பின்புறத்தில் புதிதாக எடுங்கள்.

கோணத்துக்குச் சுழற்சியிலிருந்து 0.98 பங்கும் புவியீர்ப்பிலிருந்து 0.02 பங்கும் சேர்த்தால் சாய்வு நிலையாக நிற்கும். இடம் வலமாகத் திரும்பும் திசையை மட்டும் இந்த சென்சாரால் பிடித்து வைக்க முடியாது. புவியீர்ப்புக்கு அந்தத் திசை தெரியாது. நிறத்தைக் கையின் ஏற்ற இறக்கத்துக்குக் கட்டுங்கள், திசைக்குக் கட்டாதீர்கள்.

அசையாமல் நின்றால் அணைகிறது, ஆடத் தொடங்கினாலும் வரவில்லை

பவர்பேங்க் தூங்கிவிட்டது. இழுக்கும் மின்சாரம் மிகக் குறைந்தால், செல்பேசி நிறைந்துவிட்டது என்று எண்ணிச் சில பத்து நொடியில் அது அடைத்துக்கொள்ளும். தட்டும்போது மட்டும் எரியும் அணிக்கு இது பெரும் இடர். இரண்டு தட்டுக்கு நடுவிலும் விளக்குகளைச் சிறு பிரகாசத்தில் எரியவிடுங்கள், அல்லது குறைமின் நிலை உள்ள பவர்பேங்கை வாங்குங்கள். பேட்டரியில் நேராக ஓடும் அணிக்கு இந்தச் சிக்கல் இல்லை.

ஒத்திகையில் நன்று, இரண்டாவது நாளில் கோளாறு

வியர்வையும் உப்புக்காற்றும். தீபாவளி வரும் மாதங்களில் வெயில் ஏறத் தொடங்கிவிடும், தைப்பூசக் காவடியை ஒட்டிய நிகழ்ச்சிகளோ முழுக் கோடையில் வருகின்றன. வியர்வை உப்புநீர், பிளஸுக்கும் மைனஸுக்கும் நடுவே அது ஒரு மெல்லிய வயர். ஒரே இரவில் செம்பு பச்சை பூக்கும். காலில் இடும் செம்பஞ்சுக் குழம்பு காயும் முன் அணியைக் கட்டினால் அதுவும் பிளக்குக்குள் ஊறும். குழம்பு முற்றிலும் காய்ந்த பிறகே கட்டுங்கள்.

பச்சை பூத்த இடத்தைப் பேட்டரி கழற்றி, பழைய பல்துலக்கியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்துத் தேய்த்து, ஒரு மணி நேரம் காற்றில் காயவிடுங்கள். செம்பு பளபளக்கவில்லை என்றால் அந்த முனையை வெட்டிவிட்டு அடுத்த திட்டில் சால்டர் செய்யுங்கள், பச்சையின் மேல் சால்டர் பிடிக்காது. சிலிக்கான் மேற்பூச்சுள்ள பட்டை வாங்குவது நல்லது, ஆனால் வெட்டும் இடத்தில் அந்தக் காப்பு போய்விடும், நீங்களே மூட வேண்டும். துவைப்பதற்காக மின்பகுதி முழுவதும் துணியிலிருந்து கழன்று வரும்படி பொத்தான் வைத்துத் தையுங்கள்.

காணொளியில் கோடு கோடாகத் தெரிகிறது

கண்ணுக்குச் சரியாகவும் கேமராவில் பட்டை பட்டையாகவும் தெரிந்தால் பழுது எதுவும் இல்லை. இந்த விளக்குகள் நொடிக்குச் சில நூறு முறை அணைந்து எரிகின்றன. பிரகாசம் குறையக் குறைய அணைந்திருக்கும் நேரம் கூடும். கேமராவின் திறப்பை 1/50 நொடிக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மண்டபக் குழல்விளக்கின் நடுக்கமும் அதில் அடங்கும். படப்பிடிப்புக்கென்றே செய்கிறீர்கள் என்றால் ஏ.பி.ஏ. 102 பட்டை வேகமாக எரிந்தணையும், வயர் ஒன்று கூடுதல்.

பேட்டரி சுடுகிறது, வீங்குகிறது

மற்ற அறிகுறிகளில் தேடலாம், இதில் தேடக் கூடாது. உடனே அவிழ்த்துவிடுங்கள். கையில் இளஞ்சூட்டுக்கு மேல் தெரிந்தாலோ, தட்டையான பை தலையணைபோல் உப்பினாலோ, இனிப்பு வாடை வந்தாலோ அந்த பேட்டரி முடிந்தது. அடிக்கடி வரும் காரணம் சார்ஜர். டி.பி. 4056 பலகை 1 ஆம்பியருக்கு அமைக்கப்பட்டு வரும், 500 மில்லிஆம்பியர்-மணி பேட்டரிக்கு அது இருமடங்கு. பலகையிலுள்ள 1.2 கிலோஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 3 கிலோஓம் வைத்தால் 400 மில்லிஆம்பியர் ஆகும். இன்னொரு காரணம் நெரிவும் அடியும். பேட்டரியை எப்போதும் கடினமான பிளாஸ்டிக் பெட்டிக்குள், தோலில் படாமல் துணி நடுவே வைத்துக் கட்டுங்கள். காலில் கட்டியபடியே சார்ஜ் செய்யக் கூடாது. தீமிதிக் குழிக்கும் கற்பூரத் தட்டுக்கும் அருகே இந்த அணியோடு யாரையும் விடாதீர்கள்.

நிரலில் பேட்டரி 3.3 வோல்ட்டுக்கு இறங்கியதும் விளக்கை அணைக்கும் வரி ஒன்று எழுதுங்கள். இரண்டு 100 கிலோஓம் ரெசிஸ்டரைத் தொடுத்து நடுவிலிருந்து போர்டுக்குக் கொடுத்தால் பாதி வோல்ட்டை அளந்துகொள்ளலாம். வீங்கிய பேட்டரியைக் குத்தாமல், சார்ஜ் செய்யாமல், முனைகளில் டேப் ஒட்டி, மணல் நிரப்பிய தகர டப்பாவில் வீட்டுக்கு வெளியே வைத்து, மின்கழிவு வாங்கும் இடத்தில் ஒப்படையுங்கள். குப்பைத்தொட்டியில் போடாதீர்கள்.